கேமராவுக்குப் பின்னால் சமுத்திரம் ஏரி

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள்! திருவண்ணாமலை ரமணாசிரமப் பக்கத்திலிருந்து தெற்கே இறங்கி, சமுத்திரம் ஏரிக்கு வந்துவிட்டோம். ஐப்பசி மழையில் ஏரிக்குப் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது. பறவைப் படங்களைக் காலண்டரில் எத்தனையோ பார்த்திருப்போம். அந்தப் படங்கள் பிறக்கிற இடத்துக்குள்ளேயே இன்று நாம் நுழைந்திருக்கிறோம்!

கருவேல மர நிழலில் ஒரு பச்சைத்துணி மறைப்பு. உள்ளே இரண்டு புகைப்படக்காரர்கள், சேறு அப்பிய முக்காலி, லென்ஸைத் தாங்க அரிசி நிரப்பிய துணிப்பை, மழைக்குப் பாலித்தீன் உறை. டிபன் டப்பாவை எறும்பு ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது. "எங்களுக்கு முன்னாடி அதுங்க சாப்பிட்டாச்சு சார்!" என்று சிரிக்கிறார் இளையவர். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது.

"கம்முனு குந்துப்பா, வருது!" மூத்தவர் குரலில் மூச்சே நின்றுவிடுகிறது. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி! உட்காரக் கிளையே தேடாமல், நடுவானில் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கிறது. சட்டென்று அம்பாகக் கீழே பாய்கிறது. தடதடவென்று கேமரா அடிக்கிறது. திரையைப் பார்க்கிறோம்: வெறும் தண்ணீர், வால், பாதிச் சிறகு. கடைசிப் படத்தில் அலகில் மீன்! இளையவர் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளுகிறார்.

அந்தப் பக்கம் பாருங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. பாம்புத்தாரா! கூரிய அலகால் மீனைக் குத்தி, மேலே தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக விழுங்குகிறது. அருகே நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் காயவைக்கிறது. அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும். நத்தைகுத்தி நாரையோ சேற்றில் நத்தை தேடுவதே வேலையாக நிற்கிறது.

மீனைப் படம் பிடிக்க ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைக்குப் போகிறோம். வரத்துத் தண்ணீரை எதிர்த்துக் கெண்டைகள் ஏறுகின்றன. நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் போதும், எல்லாம் சிதறிவிடும். அதனால் பாறைமேல் குப்புறப் படுத்துத்தான் படம். மினுமினுப்பைக் குறைக்கும் ஃபில்டரைத் திருப்பியதும் அடியில் ஓடும் மீனின் செதில்கூடத் தெரிகிறது!

வலை உதறிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் குரல் கொடுக்கிறார்: "அந்தக் கோரைப் பக்கம் போவாத தம்பி, தாழைக்கோழி குஞ்சோட கீது." எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாத தகவல். மறைப்பு உடனே வேறு பக்கம் நகர்கிறது.

இவர்கள் கல் எறிந்து பறவையைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதில்லை. தானாகப் பறக்கும்வரை வெயிலில் வேகிறார்கள். நல்ல படத்தின் முக்கால் பங்கு அந்தக் காத்திருப்புதான். கார்த்திகை தீபத்துக்கு அண்ணாமலைக்கு வருகிறவர்கள் ஒரு காலை இந்த ஏரிக்கரைக்கும் வாருங்கள். தூர நின்று பாருங்கள், பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.