சிவப்புக் கொடி ஏறினால் மலைக்குப் போக முடியாது!

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பிரதேசத்தில், டார்ட்மூர் என்று ஒரு பரந்த மேட்டு நிலம். மரங்கள் அபூர்வம். எங்கு பார்த்தாலும் புல், புதர், சதுப்பு. குன்றுகளின் உச்சியில் யாரோ அடுக்கி வைத்தாற்போல் பாறைகள். ஆடுகளும் குட்டைக் குதிரைகளும் மேய்கின்றன. பட்டணத்து ஜனங்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடக்க வருகிறார்கள்.

ஆனால் குன்றின்மேல் சிவப்புக் கொடி பறந்தால் அதற்கப்பால் அடி வைக்கக் கூடாது. இரவானால் சிவப்பு விளக்கு. உள்ளே பட்டாளத்தார் சுட்டுப் பழகுகிறார்கள்!

பட்டாளம் நேற்று வந்ததல்ல. 1870-களிலேயே ஓக்ஹாம்ப்டன் பக்கம் பீரங்கிகள் முழங்கின. 1951-ல் சர்க்கார் டார்ட்மூரைத் தேசியப் பூங்காவாக்கிற்று. பூங்கா ஜனங்களுக்கு, சுடுகளமோ ராணுவத்துக்கு! ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வர்தி என்ற மூன்று களங்கள் இன்றும் இருக்கின்றன. தென் இங்கிலாந்திலேயே உயரமான ஹை வில்ஹேஸ் (621 மீட்டர்) இருப்பது ஓக்ஹாம்ப்டன் களத்துக்குள்தான்.

கிரான்மியர் குட்டையும் அதே களத்தில்தான். குட்டை என்று பேரே தவிர, தண்ணீர் கிடையாது. 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே ஒரு ஜாடியை வைத்தார். சதுப்பில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்து மேடெங்கும் பெட்டிகளை ஒளித்து வைத்துத் தேடும் விளையாட்டே பிறந்துவிட்டது.

இந்த நிலத்துக்காகப் போராடியவர் சில்வியா சேயர் சீமாட்டி. 1951 முதல் 1973 வரை டார்ட்மூர் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவி. பட்டாளம் வெளியேற வேண்டும் என்று விடாமல் வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய கணவரே கடற்படையில் வைஸ் அட்மிரல்!

கடைசியில் சர்க்கார் ஷார்ப் சீமாட்டியை விசாரணைக்கு நியமித்தது. 1977-ல் அறிக்கை வந்தது. பூங்காவும் போர்ப் பயிற்சியும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் பட்டாளத்தைக் கிளம்பச் சொல்லவில்லை! சங்கத்தாருக்கு எப்படி இருந்திருக்கும்?

1985-ல் வந்த சட்டம் மேய்ச்சல் பொது நிலங்களில் காலாலும் குதிரையிலும் போக எல்லோருக்கும் உரிமை தந்தது. கொடி ஏறிய நாளில் அந்த உரிமை கொடிக்கம்பத்தோடு நின்றுவிடும். சுடும் நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. பண்டிகை விடுமுறைகளிலும் ஆகஸ்ட் மாதம் முழுவதும் சூடு கிடையாது. ஏற்பாடு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நாளைக் குறிப்பவர் யார்? நடக்கிறவர் அல்லவே!

இதே ராணுவம்தான் 1960 முதல் ‘பத்துக் குன்று’ நடையையும் நடத்துகிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் சுமார் 2,400 இளைஞர்கள் 35, 45 அல்லது 55 மைல் நடக்கிறார்கள். புறப்படுமுன் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: தரையில் உலோகத் துண்டு எதைக் கண்டாலும் தொடாதே!