காப்பாரிலிருந்து சுங்கை பூலோவுக்கு: தீர்ப்பு வராத சிறைவாசம்

காப்பார் கடைத்தெருவிலிருந்து மேரு வழியாகச் சுங்கை பூலோ சிறைக்குக் காரில் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கிள்ளான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பாதை மனப்பாடம். மகனைப் பார்க்கப் போகும் தாயிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் போட்டாங்க?" என்பதுதான். அவரிடம் பதில் இருக்காது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. மகன் ரிமாண்டில் இருக்கிறான். கேஸ் ஒரு ‘மென்ஷன்’ தேதியிலிருந்து இன்னொரு தேதிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

சிறையில் மறுவாழ்வு என்று நாம் பேசும்போதெல்லாம் விட்டுப்போகிறவர்கள் இவர்கள்தான். மலேசியச் சிறைகளில் 70,000க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமான பகுதியினர் தண்டனை விதிக்கப்படாத ரிமாண்ட் கைதிகள்.

ஒருவர் எப்படி அங்கே போய்ச் சேர்கிறார்? கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி. விசாரணை முடியவில்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்கீழ் காவல்துறை தடுப்புக் காவல் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ ஆனால் 7 நாள், மறுபடியும் 7 நாள். இந்த நாள்கள் காவல் நிலைய லாக்கப்பில் கழியும்.

அந்த லாக்கப்பை எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. 2017 பிப்ரவரியில் 44 வயதுத் தமிழர் ஒருவரைக் கிள்ளான் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். அவருடைய உடல்நிலையைக் கண்ட மாஜிஸ்திரேட் காவலை நீட்டிக்க மறுத்து, சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார். அவரை மறுபடியும் பிடித்து வைத்தார்கள். அன்றிரவு வட கிள்ளான் மாவட்டக் காவல் தலைமையகத்தில் அவர் இறந்தார். காப்பாரும் அந்த மாவட்டத்துக்கு உட்பட்டதுதான். எட்டு ஆண்டுக்கு மேலாகியும் இந்த வட்டாரத்தில் ‘ரிமாண்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் தாய்மார்கள் நடுங்குவதற்குக் காரணம் உண்டு.

குற்றம் சாட்டப்பட்ட பிறகு ஜாமின் கேள்வி வருகிறது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கே பிறர் கையை எதிர்பார்க்கும் வீட்டில் சில ஆயிரம் ரிங்கிட் என்பது பெரிய மலை. பணம் புரளாவிட்டால், நீதிமன்றம் ஜாமின் தந்திருந்தும் ஆள் உள்ளேதான் இருப்பார்.

போதைப்பொருள் வழக்கில் பல நேரம் பணம் இருந்தாலும் பயனில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சிறைக்கோ மரண தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு ஜாமினை மறுக்கிறது. கையில் இருந்தது 5 கிராம் ஹெராயின் என்றாலே, சியாபு (மெத்தம்பெட்டமின்) 30 கிராம் என்றாலே அந்த வளையத்துக்குள் வந்துவிடும். பிறகு இரசாயனத் துறையின் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். அறிக்கை வரும்வரை வழக்கு நகராது.

இந்தக் காத்திருப்பு ஆளை என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தவரிடம், "ஒத்துக்கிட்டா உள்ள இருந்த நாளைக் கழிச்சுட்டு வெளிய போயிடலாம்" என்று யாராவது சொன்னால், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளும் ஆசை வரும். அன்று மாலை வீட்டில் இருக்கலாம். பெயரில் மட்டும் குற்றப்பதிவு நின்றுவிடும். பாதுகாவலர் வேலைக்குப் போனால் பின்னணிச் சோதனை உண்டு, அங்கே அந்தப் பதிவு முதலில் வந்து நிற்கும். தோட்டம் கைமாறிய பிறகு நம் ஆண்கள் பலர் தேடிப்போன வேலைகளில் அதுவும் ஒன்று.

சிறைத்துறை சும்மா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்குப் பயிற்சி, ஆளுமை வலுப்படுத்தல், தொழில் திறன், விடுதலைக்கு முந்தைய ஆயத்தம் என்று நான்கு கட்டங்களில் மனித மேம்பாட்டுத் திட்டம் நடக்கிறது. காஜாங்கில் ‘செக்கோலா இன்டெகிரிட்டி’ என்ற பள்ளியில் இளங்கைதிகள் எஸ்பிஎம் தேர்வு எழுதுகிறார்கள். கைதிகள் செய்யும் பொருள்கள் ‘மை பிரைட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. 2008இல் பரோல் முறை வந்தது. ஓராண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவர் பாதியை முடித்தபின் அதற்குத் தகுதி பெறுகிறார். நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் இவற்றைத் திட்டமிட ஒரு தண்டனைக்காலம் கையில் இருக்க வேண்டும். ரிமாண்டில் இருப்பவருக்கு விடுதலைத் தேதி கிடையாது. அதனால் பரோல் கணக்கும் கிடையாது, கட்டங்களும் கிடையாது. பகல் முழுவதும் வெறும் காத்திருப்பு. அதே நேரத்தில் சிறைகளின் கொள்ளளவை மிஞ்சிய கூட்டம் அறைகளை நிரப்புகிறது.

சோஸ்மா எனப்படும் 2012ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றச் சட்டம் இன்னும் கடுமையானது. 28 நாள் வரை காவல்துறையே தடுத்து வைக்கலாம். 18 வயதுக்குக் கீழானவர், பெண், நோயாளி ஆகியோர் தவிர மற்றவர்களுக்கு ஜாமினே கிடையாது. வழக்கை விசாரித்த நீதிமன்றம் விடுவித்தாலும், அரசுத் தரப்பு மேல்முறையீடு முடியும்வரை அடைத்து வைக்க 30ஆவது பிரிவு வழி செய்கிறது. பயங்கரவாதத்துக்காக எழுதப்பட்டது என்று சொல்லப்பட்ட இச்சட்டம் குண்டர் கும்பல் வழக்குகளிலும் பாய்கிறது. அதில் சிக்கியவர்களில் தமிழ் இளைஞர்கள் பலர். 2024இல் சுங்கை பூலோவில் சோஸ்மா கைதிகள் உண்ணாநிலை இருந்தபோது, மனைவிமார் சிறை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தியாவிலும் சிறையில் இருப்போரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். பீகாரில் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தவர்களுக்காக 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரைவான விசாரணையை அடிப்படை உரிமை என்றது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின்படி, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமினில் விடப்பட வேண்டும். அங்கே அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது தனிக் கேள்வி. ஆனாலும் சட்டத்தில் ஓர் எல்லைக்கோடு எழுதப்பட்டிருக்கிறது. அப்படியொரு கோட்டைத்தான் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கேயும் வாசல்கள் முழுக்க அடைபட்டிருக்கவில்லை. சிறு தண்டனைக்குப் பதிலாகச் சமூகப் பணி செய்ய 1954ஆம் ஆண்டுக் கட்டாய வருகைச் சட்டம் இடம் தருகிறது. 2025 வரவு செலவுத் திட்ட உரையில் பிரதமர் அன்வார், குறிப்பிட்ட குற்றங்களுக்கு வீட்டுக் காவல் கொண்டுவரப்படும் என்று அறிவித்தார். அந்த ஏற்பாடு தீர்ப்புக்கு முந்தைய காலத்தையும் தொட்டால்தான் காப்பாரில் காத்திருக்கும் தாய்க்கு ஏதாவது மாறும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியவை இரண்டு. தடுப்புக் காவல் மனு விசாரிக்கப்படும் காலையிலேயே தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள். கைது, ரிமாண்ட், ஜாமின் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு அவர்கள் இலவசமாக வாதாடுகிறார்கள். கிள்ளானில் விதிக்கப்பட்ட ஜாமின் தொகை கட்ட முடியாத அளவுக்கு இருந்தால், நடைமுறைச் சட்டத்தின் 389ஆவது பிரிவின்கீழ் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் அதைக் குறைக்கக் கேட்கலாம். வீட்டு வாடகை, சம்பளச் சீட்டு, படிக்கும் பிள்ளைகளின் விவரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்து முதல் நாளே வழக்கறிஞர் கையில் கொடுத்துவிடுங்கள்.