மூன்று மணிப் பூனை

திருவிடைமருதூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இருபது நாளாக அவர் வீட்டுக்கு ஒரு பூனை வருகிறது. மஞ்சளும் வெள்ளையுமான பூனை. யார் வீட்டுப் பூனை என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிற்பகல் மூன்று மணி சுமாருக்குக் கொல்லை மதிலில் ஏறி இறங்குகிறது. கிணற்றடியில் பிடுங்கிப் போட்ட களைச்செடிகளின் மேல் விழுந்து புரள்கிறது. பிறகு அடுக்களை வாசற்படியில் கன்னத்தைத் தேய்த்துவிட்டு, உட்கார்ந்து கூப்பிடுகிறது. "மருமகளுக்கு ஐந்தாம் மாதம். பூனை ஆகவே ஆகாது என்று பக்கத்து வீட்டு அம்மா பயமுறுத்துகிறார். விரட்டவா, சோறு வைக்கவா?" என்று கேட்கிறார்.

விரட்டுவதோ சோறு வைப்பதோ அப்புறம். அந்தப் பூனை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

என் அப்பா தஞ்சாவூர்–மாயவரம் ஒற்றைப் பாதையில் ஒரு சின்ன நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். அந்தக் காலத்தில் எஞ்சின் டிரைவர் கையில் டோக்கன் பந்து இல்லாமல் வண்டி நிலையத்தை விட்டு நகராது. பிரம்பு வளையத்தில் கட்டிய தோல் பைக்குள் அந்த இரும்புப் பந்து இருக்கும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் வெளியே இருக்க முடியும். அதனால் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாது. பூனைகளைப் பல வருடம் கவனித்த ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் பால் லைஹவுசன் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்தப் பந்துதான் ஞாபகம் வந்தது. அக்கம்பக்கத்துப் பூனைகள் ஒரே மதிலையும் ஒரே சந்தையும் ஆளுக்கொரு நேரத்தில் பங்கு போட்டுக்கொள்கின்றன என்கிறார் அவர். காலையில் ஒன்று போகும், வெயில் சாய்ந்ததும் இன்னொன்று. நேருக்கு நேர் சந்திப்பதைக் கூடுமானவரை இரண்டுமே தவிர்க்கும்.

பூனைக்கு டோக்கன் அதன் வாசனைதான். கன்னம், மோவாய், நெற்றி, வால் அடி எல்லாவற்றிலும் சுரப்பிகள் உண்டு. உங்கள் வாசற்படியில் அது முகத்தைத் தேய்ப்பது அங்கே தன் வாசனையைப் பூசத்தான். அடுத்து வரும் பூனை அதை மோந்து, புதிதா பழையதா என்று பார்த்துவிட்டு, மேலே போவதா திரும்புவதா என்று முடிவு செய்யும். இருபது நாளாக அதே படியில் தேய்க்கிறது என்றால், உங்கள் வீடு அதன் வழக்கமான பாதையில் சேர்ந்துவிட்டது என்று பொருள். மதியம் இரண்டரைக்கு மீன் கழுவிய தண்ணீரைக் கொல்லையில் கொட்டுவதாக நீங்களே கடிதத்தில் ஓர் ஓரமாகச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று மணிக்குக் காரணம் அதுதான்.

இனி பூனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உடம்பில் மஞ்சள் பரவிய பூனை கடுவனாக இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள் நிறம் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் வரும் விளைவு இது. கருப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதுமே பெட்டை என்பதற்கும் அதுவே காரணம். நூறு வருடத்துக்கும் மேலாகத் தேடிய அந்த மரபணு இன்னதென்று ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே கண்டறிந்து 2025-இல்தான் வெளியிட்டன. கன்னம் இரண்டும் உப்பி, முகம் அகலமாக இருந்தால் அது கருத்தடை செய்யாத கடுவன். பெட்டையாக இருந்தால் வயிற்றைப் பாருங்கள். முலைக்காம்புகள் தடித்து, சுற்றிலும் மயிர் ஒதுங்கியிருந்தால் அருகில் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு உங்களை நோக்கி வந்தால் அது மனிதரோடு பழகியது. கூப்பிடுவதும் அப்படியே. வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அபூர்வம். அந்தக் குரல் பெரும்பாலும் நமக்காக வைத்திருப்பது. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மனிதர் கை படாமல் வளர்ந்த பூனை பத்தடிக்கு அப்பால் நின்று பார்க்குமே தவிர, வாசற்படியில் உட்கார்ந்து குரல் கொடுக்காது. ஆகவே உங்கள் விருந்தாளிக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது, அல்லது முன்பு இருந்தது. எந்த ஊகம் சரி என்று அறிய ஒரு துண்டுக் காகிதம் போதும்.

நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழியுங்கள். "இந்தப் பூனை உங்களுடையதா? தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. தயவுசெய்து கூப்பிடுங்கள்" என்று எழுதி, கைபேசி எண்ணையும் போடுங்கள். கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று வைத்து, நுனிகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிடுங்கள். நூல், ரப்பர் வளையம், கயிறு எதுவும் கூடவே கூடாது. முள்வேலியில் மாட்டினால் காகிதம் கிழிந்துவிடும், கயிறு கழுத்தை இறுக்கும். அதற்கு முன்னால் பூனை உங்களை நம்ப வேண்டுமே! பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அதன் கண்ணைப் பார்த்து, உங்கள் இமைகளை மெதுவாகப் பாதி மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண் சிமிட்டியவர்களுக்குப் பூனைகளும் கண் சிமிட்டின. முன்பின் தெரியாதவர் சிமிட்டிவிட்டுக் கை நீட்டியபோதும் கூடுதலாக நெருங்கி வந்தன. நான்கைந்து நாளில் பதில் வரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கழுத்துத் தோலுக்கடியில் மைக்ரோசிப் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும், அதில் பதினைந்து இலக்க எண் இருக்கும்.

கடிதத்தில் என்னை எழுந்து உட்காரவைத்த வரி வேறு. "களைச்செடிகளின் மேல் புரள்கிறது." என்ன களை என்று திருப்பிக் கேட்டேன். குப்பைமேனி என்று பதில் வந்தது.

சொறி சிரங்குக்கு மஞ்சளோடு அரைத்துப் பூசுகிற அதே குப்பைமேனிதான். நம் வைத்தியர்கள் அதற்குப் பூனைவணங்கி என்றும் மார்ஜாலமோகினி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். மார்ஜாலம் என்றால் பூனை. செடி முளைத்து நிற்கும்வரை பூனை அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வேரோடு பிடுங்கிப் போட்டால்தான் கூத்து. மோந்து, நக்கி, மென்று, கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரளும். இந்துமகா சமுத்திரத்தில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவிலும் பூனைகள் இந்த வேரைத் தேடி வருகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வேதியியலாளர்கள் அந்த வேரை ஆராய்ந்து, பூனையை இழுக்கும் இரண்டு சேர்மங்களைப் பிரித்து 2016-இல் வெளியிட்டார்கள். மேல்நாட்டுக் கடைகளில் பூனைப் பொம்மைக்குள் அடைத்து விற்கும் கேட்னிப் செடியின் சேர்மத்துக்கு அவை நெருங்கிய உறவு.

பூனைக்கு இதனால் என்ன லாபம்? ஜப்பானில் மத்தத்தபி என்றொரு கொடி இருக்கிறது, அதற்கும் பூனைகள் இப்படியே மயங்கும். இவாத்தே பல்கலைக்கழகத்தின் மசாவோ மியாசாகி குழு அதை ஆராய்ந்து 2021-இல் இரண்டு செய்திகளைச் சொன்னது. அந்த இலையில் புரளும்போது பூனையின் மூளையில் வலியை ஆற்றி இன்பம் தரும் அமைப்பு விழிக்கிறது. அதோடு, இலைச்சாறு மயிரில் பட்ட பூனையின் முகத்தில் கொசு குறைவாகவே உட்காருகிறது. நாம் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வதைப் போல! குப்பைமேனி வேரும் கொசுவை விரட்டுமா என்று எவராவது நம் ஊரில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. காலடியில் முளைக்கும் செடிக்கு நம் முன்னோர் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அது ஏன் என்று தேடும் வேலையை நாம் வெளிநாட்டாரிடம் விட்டுவிட்டோம்.

ஆக, முதல் நாள் அந்தப் பூனைக்குத் தாம்பூலம் வைத்தது பிடுங்கிய குப்பைமேனியாக இருக்கலாம். மறுநாளிலிருந்து மீன் தண்ணீர். வரவேண்டாம் என்றால் இரண்டையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. மணல் குவியலை மூடி வையுங்கள். கடுவன் சுவரில் பின்பக்கமாகப் பீய்ச்சிய இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், வாசனை இருக்கும்வரை அது மறுபடி அங்கேயே வரும். பினாயிலைத் தெளிக்க வேண்டாம். பல மருந்துகளையும் ரசாயனங்களையும் உடைத்து வெளியேற்றும் ஒரு நொதி பூனையின் ஈரலில் சரியாக வேலை செய்வதில்லை. பினாயில் பட்ட காலை அது நக்கும், விஷம் உள்ளே போகும். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கிற பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையின் உயிரைக் குடிக்கும். எலிப் பாஷாணம் வைக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அதைத் தின்ற எலியைப் பிடிக்கப்போவது அதே பூனைதான்.

சோறு வைப்பது என்று முடிவானால் பாலை மறந்துவிடுங்கள். பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தனக்கு உவமையாக அவையடக்கத்தில் சொன்னார் கம்பர். அன்றிலிருந்து இன்றுவரை பூனை என்றால் பால்தான் நமக்கு. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, கழிச்சல்தான் மிஞ்சும். தயிர்சாதமும் வயிற்றை நிரப்பும், அவ்வளவே. இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காத பூனைக்குக் கண் பார்வையும் இதயமும் கெடும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த, முள் எடுத்த மீனோ கோழியோ ஒரு கை வையுங்கள். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி தண்ணீர். ஆனால் காகிதத்துக்குப் பதில் வரும்வரை சாப்பாடு வேண்டாம். வேறு வீட்டில் அது சிறுநீரக நோய்க்குப் பத்தியம் இருக்கலாம்.

மருமகளுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவின் பயத்துக்கு ஆதாரம் உண்டு, அளவுதான் தப்பு. டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வரும். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம். எலியோ பறவையோ தின்று தொற்றிய பூனை, வழக்கமாக முதல் தொற்றின்போது சில வாரங்கள் மட்டுமே அதை வெளியேற்றும். வெளியேறியதும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். பூனையைத் தொட்டால் வருவதை விட, சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத கீரையாலும் மண்ணாலும் வருவது எளிது. மருமகள் பூனை மலத்தை அள்ள வேண்டாம், கொல்லை மண்ணில் வெறுங்கையால் வேலை செய்ய வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள். அதற்காகப் பூனையைக் கல்லால் அடிக்க வேண்டியதில்லை. யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் பூனையாலும் வரும். காயத்தில் சுண்ணாம்பும் காப்பித்தூளும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

பதில் வராத பூனைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம் கருத்தடை. பெட்டை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படலாம், ஒன்பது வாரத்தில் குட்டி போடும், பாலூட்டும்போதே மறுபடி சினைப்படும். காது நுனி நேர்கோடாக வெட்டியிருந்தால், யாரோ ஒரு புண்ணியவான் முன்பே அறுவை செய்துவிட்டார் என்று அறியலாம்.

இனி நான் சொல்வதாகச் சொன்னது. எனக்குப் பத்து வயதிருக்கும். நிலையத்தில் ஒரு சாம்பல் பூனை பார்சல் மீனை இழுக்கிறது என்று பெரியவர்கள் அதைச் சாக்கில் பிடித்தார்கள். சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்தவன் நான். கூட்ஸ் வண்டியில் ஏற்றி நாலு ஸ்டேஷன் தள்ளி இறக்கிவிட்டார்கள். அன்று ராத்திரி விளக்கு அறையிலிருந்து கீச்சுக் குரல் கேட்டது. மண்ணெண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால் கண் திறக்காத மூன்று குட்டிகள். அம்மா பஞ்சில் பசும்பால் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது.

இன்றும் சாக்குகள் மீன் மார்க்கெட்டிலும் ஆற்றங்கரையிலும் அவிழ்கின்றன. இப்போது அவற்றிலிருந்து சப்பை மூக்குப் பெர்சியன் பூனைகளும் வெளியே வருகின்றன. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, சடை விழுந்ததும் அலுத்துப்போன வீடுகளிலிருந்து வருகிறவை. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பதினொன்றாம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்து வருடங்களாக அந்தத் தொகை மாறவில்லை. ஒரு கிலோ தக்காளி வாங்கும் காசு அது. இதை மாற்றாமல் வைத்திருப்பது நமக்கு அவமானம்.

திருவிடைமருதூர் அம்மா, நாளை மூன்று மணிக்குள் காகிதத்தை எழுதி வைத்துவிடுங்கள். யார் கூப்பிட்டார்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.