இரும்பு பைப்பை கழற்றினால் எர்த்தும் போச்சு! பிளாஸ்டிக் பைப்புக்கு மாறும் வீடுகளில் ஷாக் ஆபத்து

சென்னை:

காலையில் குழாயைத் திறந்தால் முதல் குடம் டிகாஷன் கலரில் வருகிறது. அதைக் கீழே ஊற்றிவிட்டு அடுத்த குடம் பிடித்தால் தெளிவாக இருக்கிறது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவல்லிக்கேணி, பெரம்பூர் பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை.

தெருவில் வரும் தண்ணீர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஆனால் பல வீடுகளில் கோளாறு சுவருக்குள்ளேயே இருக்கிறது. அப்பா காலத்தில் போட்ட ஜி.ஐ. பைப் உள்ளே துருப்பிடித்துப் போயிருக்கும். இதைப் பிடுங்கிவிட்டு வளைகிற பிளாஸ்டிக் பைப் போடுவது நல்ல முடிவுதான். ஆனால் பிளம்பரைக் கூப்பிடும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இதில் உயிரே போகும் ஆபத்து இருக்கிறது.

மரையில்தான் முதல் ஓட்டை

ஜி.ஐ. பைப் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். அந்தப் பூச்சு இருக்கும் வரைதான் அதற்கு ஆயுசு. பூச்சு கரைந்ததும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். போர் தண்ணீராக இருந்தால் அதில் உள்ள சுண்ணாம்பு உப்பும் சேர்ந்து உள்ளே படியும். ரொம்ப வருஷம் ஆன அரை இஞ்ச் பைப்பை அறுத்துப் பார்த்தால் ஒரு பென்சில்கூட நுழையாது. இது தெரியாமல் குழாயில் வேகம் இல்லை என்று டேங்கையும் மோட்டாரையும் குறை சொல்வார்கள்.

ஓட்டை பெரும்பாலும் மரை போட்ட இடத்தில்தான் முதலில் விழும். மரை வெட்டும்போதே அங்கே பூச்சு போய்விடுகிறது, பைப்பின் கனமும் குறைகிறது. ஈரச் சுவரில் புதைத்த இடமும் சீக்கிரம் அரிக்கும். எம்சீல் வைத்து அடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை.

தண்ணீர் வீணாவது மட்டும் பிரச்சினை இல்லை. மெட்ரோ தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. விடும் நேரத்தில் ஓட்டை வழியாக வெளியே கசியும். நிறுத்தியதும் பைப் காலியாகும். அந்த நேரம் பக்கத்தில் சாக்கடை தேங்கியிருந்தால் அதே ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடும். அடிபம்பு அடித்தாலோ, மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ இன்னும் மோசம். வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இப்படியும் வீட்டுக்குள் வரும்.

பெக்ஸ் பைப் என்றால் என்ன?

வளைகிற பைப் என்றதும் செடிக்குத் தண்ணீர் விடும் பச்சை டியூப்பை நினைக்கக்கூடாது. வீட்டு லைனுக்கு உள்ளது பெக்ஸ் என்ற வகை. பாலிதீன்தான், ஆனால் அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிப் பிணைத்து வலுவாக்கியிருப்பார்கள். அதனால் வெந்நீரையும் தாங்கும். நடுவில் அலுமினியத் தகடு வைத்த இன்னொரு வகையும் உண்டு.

சுருளாக வரும் என்பதால் டேங்கில் இருந்து வரும் லைனில் தொடங்கி குழாய் வரை ஒரே துண்டாக இழுத்துவிடலாம். வளைவுக்கு வளைவு எல்போ போட வேண்டாம். ஜாயின்ட் குறைந்தால் லீக்கும் குறையும். சுவரையும் அதிகம் கொத்த வேண்டியதில்லை. துரு என்ற பேச்சே கிடையாது.

குறையும் உண்டு. வெயில் ஆகாது. மொட்டை மாடியில் திறந்தபடி போட்டால் நாளடைவில் வெடித்துவிடும். எலி கடிக்கும். கம் வைத்து ஒட்ட முடியாது, அதற்கென்று உள்ள கருவியால் வளையத்தை இறுக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத பிளம்பர் கம்பி கட்டி, டேப் சுற்றி சமாளிக்கப் பார்த்தால் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கையில் காசு குறைவு என்றால் சி.பி.வி.சி. பைப்பே போதும். அது வளையாது, ஆனால் வெந்நீர் தாங்கும், போடத் தெரிந்த ஆள் எங்கும் கிடைப்பார். சாதாரண பி.வி.சி. பைப்பை மட்டும் ஹீட்டர் லைனில் கொடுக்கவே கூடாது. எதை வாங்கினாலும் பைப் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1978-ல் இருந்து 1995 வரை லட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலின் என்ற வளைகிற பைப்பைப் போட்டார்கள். தண்ணீரில் கலக்கும் குளோரின் பட்டே அது விரிசல் விட்டது. விவகாரம் கோர்ட்டு வரை போய் கம்பெனிகள் நஷ்டஈடு கொடுத்தன. பெக்ஸ் அது இல்லை. ஆனால் வளைகிற பைப் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது.

குழாயைத் தொட்டால் ஷாக்

இப்போது எர்த் விஷயம். பழைய வீடுகள் பலவற்றில் தனியாக எர்த் குழி கிடையாது. தண்ணீர் பைப்பில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி, அதையே எர்த் என்று விட்டிருப்பார்கள். பைப் மண்ணுக்குள் போகிறது, ஃபிரிட்ஜிலோ கிரைண்டரிலோ கரண்ட் கசிந்தால் அது பைப் வழியாக மண்ணுக்குப் போய்விடும் என்ற கணக்கு. சரியான முறை இல்லை என்றாலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

இதில் நடுவில் ஒரு அடி பிளாஸ்டிக் பைப் போட்டால்கூடப் போதும், மண்ணுக்குப் போகும் வழி அறுந்துவிடும். பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாது. மேலே மிச்சம் இருக்கும் இரும்பு பைப்பிலும் பித்தளைக் குழாயிலும் கரண்ட் அப்படியே நிற்கும். ஃபியூசும் போகாது. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஈரக் கையோடு குழாயைத் திறப்பவர் கதி அதோகதிதான். பல குடித்தனம் இருக்கும் வீடு என்றால், ஒரு வீட்டு கிரைண்டர் கசிவு இன்னொரு வீட்டு பாத்ரூம் குழாயில் வந்து நிற்கும்.

எனவே பைப்பைத் தொடும் முன் மீட்டர் போர்டு பக்கம், மோட்டார் பக்கம், ஹீட்டர் பக்கம் பைப்பில் கம்பி சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முதலில் தனி எர்த் குழி போட்டு, கம்பியை அதற்கு மாற்றிய பிறகுதான் பைப்பில் கை வைக்க வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியரில் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டிவிட வேண்டும். சாதாரண டிரிப்பர் ஷாக்கில் இருந்து காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்த்தால் அது வேலை செய்கிறதா என்று தெரியும். வாடகை வீடு என்றால் இந்தச் செலவு வீட்டுக்காரருடையது. பெயின்ட் அடித்துத் தருவதைவிட இது முக்கியம் என்று கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை.

புது லைன் போட்டதும் சுவரைப் பூச அவசரப்படக் கூடாது. பிரஷர் பம்பு வைத்து லீக் பார்த்த பிறகே பூச வேண்டும். தெருவில் இருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு குடிநீர் வாரியம் சம்பந்தப்பட்டது. அங்கே எழுதிக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும், ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டைத் தோண்டினால் அபராதம்தான்.

இன்னொன்று. எர்த் குழிக்குள் இறக்கியிருக்கும் பைப்பும் பார்க்க அதே ஜி.ஐ. பைப்தான். பழைய இரும்புக் கடைக்குப் போடும் வேகத்தில் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடக் கூடாது.