நகரசபை உறுப்பினரும் நமது தெருவும்

அரசாங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், தலைநகரில் இருக்கிறது என்று நாம் உடனே விடை கூறிவிடுகிறோம். பாராளுமன்றத்தையும் சட்டசபையையும் மனத்தில் வைத்தே அவ்வாறு கூறுகிறோம். ஆயினும், நாள்தோறும் விடியற்காலையில் நம் வாசலுக்கு வரும் அரசாங்கம் இவ்விரண்டும் அல்ல. தெருவைப் பெருக்குவதும், குப்பையை அகற்றுவதும், சாக்கடையைத் தூர்வாருவதும், இரவில் விளக்கேற்றுவதும் நகரசபையின் வேலைகள். குழந்தை பிறந்தால் அதன் பெயர் நகரசபையின் ஏட்டில் ஏறுகிறது. ஒருவர் மறைந்தால் அதுவும் அங்கேயே பதிவாகிறது. மனித வாழ்வின் இரு எல்லைகளையும் தொட்டு நிற்கும் ஆட்சி அது.

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ் மக்களிடம் விந்தையான ஒரு வழக்கத்தைக் காணலாம். மும்பையிலோ டில்லியிலோ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர், தம் சொந்த ஊர்த் தொகுதியின் தேர்தல் செய்திகளை ஒன்று விடாமல் அறிந்திருப்பார். தாம் குடியிருக்கும் வார்டின் உறுப்பினர் யார் என்று கேட்டால் மட்டும் சற்றுத் தயங்குவார். "அது இவ்வூர்க்காரர்களின் விவகாரம்" என்றும் சொல்லிவிடுவார். அப்படியானால், அவருடைய வீட்டு வாசலில் தேங்கும் மழைநீர் யாருடைய விவகாரம்? இதைப் பற்றித்தான் இன்று நாம் சற்று ஆராய வேண்டும்.

நகரசபை உறுப்பினரை ஒவ்வொரு மொழியினரும் ஒவ்வொரு பெயரால் அழைக்கின்றனர். மராத்தியிலும் குஜராத்தியிலும் அவர் 'நகரசேவக்'. அதாவது நகரத்தின் ஊழியர். வங்காளத்தில் அவர் 'பௌரபிதா', பெண்மணியாயின் 'பௌரமாதா', நகரின் தந்தை, தாய் என்பது பொருள். இந்தி பேசும் நாடுகளில் அவர் 'பார்ஷத்'. மன்றத்தில் அமர்பவர் என்று கொள்ளலாம். ஊழியம் செய்தல், குடும்பத் தலைவரைப்போல் அரவணைத்தல், மன்றத்தில் எழுந்து பேசுதல் என்னும் மூன்று கடமைகளும் இம்மூன்று பெயர்களில் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஊழியத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் பெருந்தலைவர் பலர் நகரசபை என்னும் சிறு பள்ளியில் பயின்றவர்களே. 1917ஆம் ஆண்டு வல்லபபாய் படேல் அகமதாபாத் நகரசபையில் உறுப்பினரானார். அந்நகரில் பிளேக் நோய் பரவி, மக்கள் வெளியூர்களுக்கு ஓடியபோது, அவர் நகரிலேயே தங்கிச் சுகாதார வேலைகளை நேரில் மேற்பார்வையிட்டார். பின்னர், 1924 முதல் 1928 வரை அந்நகரசபையின் தலைவராகவும் விளங்கினார். அதே 1917இல் ராஜாஜி சேலம் நகரசபையின் தலைவரானார். அடுத்த ஆண்டில் ஈரோட்டு நகரசபையின் தலைமை பெரியார் ஈ. வெ. ராமசாமியிடம் வந்தது, அந்நகருக்குக் குடிநீர்த் திட்டம் கொணர்ந்தவர் என்று அவர் இன்றும் அங்கே நினைக்கப்படுகிறார். 1924இல் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் முதல் மேயரானபோது, சுபாஷ் சந்திர போஸ் அம்மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாகப் பணி ஏற்றார். பிற்காலத்தில் கொள்கையால் வெவ்வேறு திசைகளில் சென்ற இவர்களுள் பலர், பொதுவாழ்வின் தொடக்கத்தில் குழாய்த் தண்ணீரையும் கழிவுநீர்க் கால்வாயையும் கவனித்தவர்கள் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

சிறிய வட்டத்தில் செய்யப்படும் ஊழியம் சிறியதாகவே நின்றுவிடும் என்று எண்ண வேண்டுவதில்லை. 1920ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராயர் சென்னை நகரசபைத் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்வது என்பது ஏற்பாடு. பசியோடு வரும் பிள்ளை படிக்காது என்பதைக் கண்ணாரக் கண்ட ஒரு நகரசபையின் சிறு முடிவு அது. அவ்வெண்ணம் 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. ஒரு பேட்டையின் பள்ளிக்கூடத்தில் மூட்டிய அடுப்பு நாடு முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

அடுத்து, மன்றத்தில் அமரும் கடமை. தல சுயாட்சி நமக்குப் புதியதன்று. உத்திரமேரூர்க் கோயிற் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தியை அவை கூறுகின்றன. 'குடும்பு' என்பதே இக்கால வார்டு. ஏரியைக் காக்க ஒரு வாரியமும், தோட்டங்களைக் காக்க ஒரு வாரியமும் இருந்தன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு நிற்க இயலாது என்பதும் விதி. நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அக்காலத்தில் அவ்வுரிமை இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி நாட்டில் மிகப் பழையது. 1882ஆம் ஆண்டு மே மாதம் ரிப்பன் பிரபுவின் அரசாங்கம் வெளியிட்ட தீர்மானம், தல ஸ்தாபனங்களை நிர்வாக வசதிக்காக மட்டுமின்றி, மக்களுக்கு அரசியற் கல்வி அளிக்கும் சாதனமாகவும் கருதியது. சென்னையின் நகரசபை மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

சுதந்திர இந்தியாவில் இவ்வமைப்புக்கு உறுதியான அடிப்படை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1993ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தமே அந்த அடிப்படை. நகரசபையின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். அது முடிவதற்குள் தேர்தல் நடைபெற வேண்டும். இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும். பன்னிரண்டாம் அட்டவணை, நகரசபைகளிடம் ஒப்படைக்கத் தக்க 18 பணிகளை வரிசைப்படுத்துகிறது. சாலை, குடிநீர், துப்புரவு, பூங்கா, மயானம் ஆகியவற்றோடு, பண்பாட்டையும் கல்வியையும் அழகுணர்ச்சியையும் வளர்ப்பதும் அவற்றுள் ஒன்று. எல்லா மாநிலங்களும் இப்பணிகள் அனைத்தையும் நகரசபைகளிடம் விட்டுவிடவில்லை. சில நகரங்களில் குடிநீருக்குத் தனி வாரியம் இருக்கிறது.

ஆகவே, உறுப்பினரால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். மும்பை போன்ற மாநகரங்களில் நிர்வாகத்தை நடத்துபவர் மாநில அரசு நியமிக்கும் கமிஷனர். உறுப்பினர் தாமே ஒரு தெருவைத் தோண்டவோ மூடவோ ஆணையிட முடியாது. ஆனால் வரவு செலவுத் திட்டம் அவருடைய மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். கேள்வி கேட்கவும், தீர்மானம் கொணரவும், தம் வார்டின் குறையை அதிகாரியின் மேசைக்குக் கொண்டுசெல்லவும் அவருக்கு உரிமை உண்டு. மும்பையில் 227 வார்டுகளும், டில்லியில் 250 வார்டுகளும், கல்கத்தாவில் 144 வார்டுகளும் உள்ளன. ஒவ்வொரு வார்டிலும் ஓர் ஆள் நமக்காகக் குரல் கொடுக்கக் காத்திருக்கிறார். குறை இன்னதென்று நாம் சொல்லாவிடில், அவர் எதைப் பற்றிப் பேசுவார்?

மூன்றாவதாக, குடும்பத் தலைவரைப்போல் அரவணைக்கும் கடமை. திருவிழாவில் மாலை ஏற்றுக்கொள்வதும், விளையாட்டுப் போட்டியில் பரிசளிப்பதும், மூத்தோரைப் பாராட்டுவதும் உறுப்பினரின் வாடிக்கை. இதை வெறும் ஆடம்பரம் என்று சிலர் கருதுவர். முற்றிலும் அப்படியன்று. ஒரு தெருவின் மக்கள் ஒருவரையொருவர் அறிவதற்குத் திருவிழாவைவிடச் சிறந்த வாயில் ஏது? வங்காளத்தில் செல்வர் இல்லங்களில் நடந்துவந்த துர்க்கா பூசை, பேட்டை மக்கள் எல்லோரும் சந்தா செலுத்தி நடத்தும் பொதுப்பூசையாக மாறியது. 2021இல் கல்கத்தாவின் துர்க்கா பூசை, யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. மகாராஷ்டிரத்தில் 1890களில் திலகர் கணேச விழாவைப் பொதுவிழாவாக வளர்த்ததும் இத்தகையதே. அதன் மண்டலிகள் பல, இரத்த தானமும் மருத்துவ முகாமும் நடத்துகின்றன.

அண்டை அயலாரின் அறிமுகம் எப்போது பயன்படும் என்பது துன்ப நாளில்தான் தெரியும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி, மும்பையின் சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ரயில்கள் நின்றன, தொலைபேசிகள் ஓய்ந்தன. அன்றிரவு முன்பின் அறியாதவர்க்கும் வீட்டுக் கதவுகள் திறந்தன. தேநீரும் ரொட்டியும் கைக்குக் கை மாறின. எந்த அலுவலகமும் ஆணை பிறப்பித்து இதைச் செய்விக்க முடியாது. பழகிய தெருவில் அது தானாக நடந்தது.

தமிழர்களும் இவ்வகையில் பின்தங்கியவர்கள் அல்லர். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியபின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த புதிய குடியிருப்புகளுள் மாதுங்காவும் ஒன்று. காற்றோட்டமான அத்தெருக்களில் குடியேறிய தென்னிந்தியர் 1932இல் கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அதன் பள்ளிகளும் கல்லூரிகளும் எல்லா மொழியினருக்கும் கல்வி அளித்து வருகின்றன. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். அப்பகுதியிலிருந்து தமிழர்கள் மாநகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் இருக்கின்றனர். மராத்தியரும் உத்தரப்பிரதேசத்தாரும் கன்னடியரும் கலந்து வாழும் வார்டுகளில், தமிழ் வாக்குகளை மட்டும் நம்பி யாரும் வெற்றி பெறுவது அரிது. அயலாரின் நம்பிக்கையை ஊழியத்தால்தான் பெற முடியும்.

விழாவும் ஊழியமும் பிரிந்துபோனால் தீங்கு நேரும். தெருமுனையில் தம் படம் எழுதிய பதாகையை நாட்டிவிட்டு, அதன் கீழேயே குப்பை குவிந்திருப்பதைக் காணாதவர் நகரசேவகர் ஆகார். அவ்வாறே, உறுப்பினரே இல்லாத காலமும் தீங்கானது. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் ஆயுள் 2020 செப்டம்பரில் முடிந்தது. மும்பை மன்றத்தின் ஆயுள் 2022 மார்ச்சில் முடிந்தது. இரு நகரங்களிலும் அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடைபெறாமல், அதிகாரிகளே நிர்வாகம் செய்தனர். அதிகாரிகள் திறமையாளராகவே இருக்கலாம். ஆயினும், "எங்கள் தெருவுக்கு ஏன் விளக்கில்லை?" என்று உரிமையோடு கேட்க வார்டுக்கு ஒருவர் இல்லாமற் போயிற்று. பங்களாவில் வாழ்பவர் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்துக்கொள்வார். சாலில் வாழ்பவருக்கும் குடிசையில் வாழ்பவருக்கும் வார்டு உறுப்பினரே வாயில். அந்த வாயில் அடைபட்டால் முதலில் துன்புறுபவர்கள் ஏழைகள்; ஊர்மொழி அறியாத புதியவர்கள் அவர்களைவிடவும் துன்புறுவர்.

ஆகவே வெளிமாநிலத் தமிழர்கள் செய்யத் தக்கவை சில உண்டு. சட்டப்படி ஒருவர் பெயர் ஒரே ஓர் இடத்து வாக்காளர் பட்டியலில்தான் இருக்கலாம்; அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடமே அதற்கு உரிய இடம். புதிதாகச் சேர்பவர் ஆறாம் எண் படிவத்தையும், வீடு மாறியவர் எட்டாம் எண் படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் நகரசபைப் பட்டியல் சட்டசபைப் பட்டியலை ஒட்டியே தயாரிக்கப்படுகிறது. தாய்மொழி எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. குடியிருக்கும் முகவரி ஒன்றே போதும்.

அடுத்து, வார்டுக் கூட்டம் நடந்தால் செல்லுங்கள். வட்டார மொழி சரளமாக வராவிடினும், தெருவின் குறையைத் தேதியோடும் இடத்தோடும் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டாரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். ஒரு மொழியினரின் மனுவைவிட ஒரு தெருவாரின் மனுவுக்கு வலிமை அதிகம். நமது சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு வார்டு உறுப்பினரை அழைப்பது நல்ல வழக்கம். அவரோடு அண்டை வீட்டாரையும் அழைத்தால் அது இன்னும் நல்ல வழக்கமாகும். மேடையில் பொன்னாடை போர்த்திய பிறகு, அதே மாதத்தில் தெருவின் சாக்கடையைப் பற்றியும் அவரிடம் பேசுங்கள்.

பிறந்த ஊரின்மேல் உள்ள அன்பு இதனால் குறைந்துவிடாது. பிழைக்க வந்த ஊருக்கு வரி செலுத்துகிறோம். அதன் தண்ணீரைக் குடிக்கிறோம். நம் பிள்ளைகள் அதன் தெருக்களில் விளையாடி வளர்கின்றனர். அவ்வூரின் நிர்வாகத்திலும் நாம் பங்கு கொண்டால்தான் அங்கே விருந்தாளி என்ற நிலை மாறிக் குடிமக்களாவோம்.