ஆறு விநாடிக்கு ஒரு முறை வாடகை

மணிக்கணக்கு – 14

1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்திறங்கிய ஐபிஎம் 370/155 கதை போன வாரத்தோடு முடிந்தது. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, அச்சடித்த தாளுக்குக் காத்துக் கிடந்த காலம் அது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் மத்திய அரசு ஜிபியு வாடகைக்கு விடும் கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஆகாஷ் குறுக்கே வந்துவிட்டது.

ஆகாஷ் நெட்வொர்க் 2020-இல் இயங்கத் தொடங்கிய கணினி வாடகைச் சந்தை. எல்லா இயந்திரமும் ஒரே கம்பெனியின் கையில் இருக்காது. இவ்வளவு மெமரியோடு ஒரு ஜிபியு வேண்டும் என்று நாம் அறிவித்தால், எங்கெங்கோ இயந்திரம் வைத்திருப்பவர்கள் போட்டி போட்டு விலை குறைப்பார்கள். நமக்குத் தோதானவரை எடுத்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட் கடைசியில்தான் ஜிபியு இந்தச் சந்தைக்கு வந்தது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது வாடகை பேசுகிற விதம். மணிக்கு இவ்வளவு என்று நம் வசதிக்குத் திரையில் காட்டினாலும், உள்ளே கணக்கு, ஆகாஷ் ஓடும் பிளாக்செயினின் பிளாக்குக்கு இவ்வளவு என்றுதான் ஓடுகிறது. ஒரு பிளாக் விழ ஏறத்தாழ ஆறு விநாடி. எஸ்க்ரோவில் போட்ட முன்பணம் ஆறு விநாடிக்கு ஒரு முறை கரைகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 14,400 தவணை! பாதியில் மூடினால் மிச்சம் நம் கைக்கே திரும்பிவிடும். மணிக்கணக்கில் தொடங்கிய இந்தத் தொடர் இவ்வளவு பொடிக் கணக்குக்கு வரும் என்று நானே நினைக்கவில்லை.

மதுரை சிம்மக்கல்லில் மணி வாடகைக்குச் சைக்கிள் எடுத்துச் சுற்றியவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே விளங்கும். கடைக்காரர் நோட்டில் நேரம் குறிப்பார், பிந்தினால் கூடுதல் காசு கேட்பார், திட்டவும் செய்வார். ஆனால் ஏ.வி. பாலத்து நடுவில் வந்து சைக்கிளைப் பிடுங்கமாட்டார். ஆகாஷ் பிடுங்கிவிடும். எஸ்க்ரோ வற்றினால் ஒப்பந்தம் முடிந்தது, உள்ளே இருந்த கோப்புகளும் போச்சு. நிலையான சேமிப்பிடம் என்று கேட்டு வாங்கியிருந்தாலும், அது ஒப்பந்தம் இருக்கும் வரைதான் நிலையானது.

மாவட்ட மைய நூலகத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாடலைப் பயிற்றுவிக்கும் மாணவர் ஒருவரைப் பார்த்தேன். கறுப்புத் திரையின் ஒரு பாதியில் ஜிபியுவின் சூடும் மெமரியும் நொடிக்கு நொடி மாறுகின்றன; மறுபாதியில் பிழை விகிதம் மெல்ல இறங்குகிறது. எல்லாம் டிமக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஓடுகிறது. அது இல்லாமல் நேரடியாக ஓட்டினால், இங்கே இணைப்பு அறுந்ததும் அங்கே வேலையும் நின்றுபோகும். "கரன்ட் போனா எனக்குத்தாண்ணே இருட்டு, அங்க அது பாட்டுக்கு ஓடும்" என்றார். குறிப்பிட்ட இடைவெளியில், மாடல் அதுவரை கற்றதன் நகலான செக்பாயின்ட் தானாகவே வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விடுகிறது. இயந்திரம் இந்த நிமிடமே காணாமல் போனாலும் இழப்பு அரை மணி வேலைதான்.

அவர் எடுத்திருப்பது ஆகாஷில் இல்லை, வாஸ்ட் என்ற இன்னொரு சந்தையில். அங்கே மலிவு விலைக்கு ஏலம் கேட்டு எடுத்தால், நம்மைவிடக் கூடுதலாக ஒருவர் கேட்டதும் நம் வேலையை நிறுத்திவைத்துவிடுவார்கள். புதியவர்கள் ஏமாறுவது இன்னொரு இடத்தில். ஸ்டாப் அழுத்தினால் ஜிபியு வாடகைதான் நிற்கும். டிஸ்க் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். டெஸ்ட்ராய் கொடுத்தால்தான் மீட்டர் முழுசாக நிற்கும், கோப்புகளும் அதோடு அழியும்.

இந்தச் சந்தைகளுக்கு இவ்வளவு ஜிபியு கார்டுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், ஒரு பகுதி விடை 2022 செப்டம்பர் 15-இல் இருக்கிறது. அன்று எத்தீரியம், கார்டு வைத்து நாணயம் தோண்டும் முறையைக் கைவிட்டது. வேலை இழந்த கார்டுகளில் ஒரு பங்கு இப்படி வாடகைக்கு வந்து நின்றது. இதை விரித்தால் தனி அத்தியாயம் ஆகும். ஆசிரியர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

இந்த வாடகையைக் கிரிப்டோ டோக்கன் வாங்கிக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி; ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து 1 சதவீத டிடிஎஸ் வேறு. இந்த வாடகையில் மிச்சம் பிடிக்கப் போய் ஆடிட்டருக்குக் கொடுக்கும்படி ஆகிவிடக்கூடாது. மாணவர்கள் வங்கிக் கார்டில் டாலராகக் கட்டும் வழியைத் தேடுவதே மேல்.

10,372 கோடி ரூபாய் இந்தியாஏஐ திட்டமும் அதன் மானிய ஜிபியுக்களும் அடுத்த வாரம், கட்டாயம். அதுவரை, வாடகைக்கு எடுத்து ஸ்டாப்பில் போட்டு மறந்த இயந்திரம் ஏதாவது உங்கள் கணக்கில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.