ட்ரேயை நம்பாதீர்கள், பெல்ட்டைப் பாருங்கள்

திருவனந்தபுரத்தில் ஆறாம் மாதம் கோயிலில் சோறூணு முடிந்த கையோடு வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: குழந்தையை எங்கே உட்கார வைத்து ஊட்டுவது? கரமனையிலும் வலியசாலையிலும் முன்பெல்லாம் பாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் காக்கை காட்டி ஊட்டுவார். இன்று கழக்கூட்டத்தில் எட்டாவது மாடி, முற்றம் கிடையாது, அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு கையில் ராகிக் குறுக்கோ அங்கன்வாடியில் கொடுத்த அமிர்தம் பொடிக் கஞ்சியோ இருக்க, மறுகையால் துள்ளும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஹை சேர் வாங்குகிறார்கள். தப்பில்லை. ஆனால் அதை வாங்கும்போது நிறம், மெத்தை, ‘நாலு வேலை செய்யும்’ என்ற விளம்பரம் இவற்றைப் பார்க்கிற அளவுக்கு பெல்ட்டை யாரும் பார்ப்பதில்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் நேஷன்வைட் சில்ட்ரன்ஸ் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2003 முதல் 2010 வரையிலான அவசர சிகிச்சைப் பதிவுகளை அலசினார்கள். ஹை சேரால் அடிபட்டு வந்த மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 9,400-க்கும் மேல். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் விழுந்துதான் அடிபட்டிருந்தார்கள். அடி பெரும்பாலும் தலையில். விழுவதற்குச் சற்றுமுன் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு, நாற்காலியில் ஏறிக்கொண்டோ எழுந்து நின்றுகொண்டோ இருந்தவை. அதாவது பெல்ட் இல்லை, அல்லது இருந்தும் போடவில்லை, அல்லது போட்டும் பிடிக்கவில்லை.

இந்த வயதில் உடம்பில் கனமான பாகம் தலை. விழும்போது கையை ஊன்றித் தாங்கிக்கொள்ளும் பழக்கமும் இன்னும் முழுதாக வந்திருக்காது. நம் வீடுகளில் தரையோ வழவழப்பான டைல்ஸ், கிரானைட், பழைய வீடென்றால் மொசைக். இடுப்புயர இருக்கையிலிருந்து அந்தத் தரையில் தலைகுப்புற விழுவது சின்ன விஷயமே இல்லை.

பெல்ட்டில் இரண்டு வகை. இடுப்பைச் சுற்றி, காலிடையில் ஒரு பட்டையோடு வருவது மூன்று முனை பெல்ட். தோள்களுக்கு மேலும் இரண்டு பட்டை சேர்ந்தால் ஐந்து முனை. சேட்டைக்காரக் குழந்தைக்கு ஐந்து முனைதான் நல்லது. இடுப்புப் பட்டை மட்டும் என்றால் எட்டு மாதக் குழந்தைகூட முறுக்கிக்கொண்டு எழுந்துவிடும். எந்த வகையானாலும் காலிடைப் பட்டை இருந்தே ஆகவேண்டும். அது இல்லாவிட்டால் குழந்தை ட்ரேக்கு அடியில் மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்கும். உடம்பு வெளியே போய் கழுத்து ட்ரேயின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். இது விழுவதைவிடக் கொடியது, சத்தமே இல்லாமல் நடந்துவிடும். ட்ரே குழந்தையைப் பிடித்து வைத்திருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ட்ரே சோற்றுக் கிண்ணம் வைக்கத்தான். ட்ரேயைக் கழற்றிவிட்டாலும் குழந்தை அசையாமல் இருக்கிற நாற்காலிதான் சரியான நாற்காலி.

கடையில் இதைச் சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சாலைக் கடைத்தெருவோ பெரிய மாலோ, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். உட்கார வைத்து பெல்ட்டைப் பூட்டி இறுக்குங்கள்; பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைந்தால் சரி, கை முழுதும் நுழைந்தால் தளர்வு. இறுக்கிய பட்டையைப் பிடித்து நாலைந்து முறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். மலிவான நாற்காலிகளில் நீளம் சரிசெய்யும் பிளாஸ்டிக் வளையம் ஒவ்வோர் இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். பக்கிளை ஒரு கையால் பூட்ட முடிகிறதா என்றும் பாருங்கள், மறு கையில் எப்போதும் குழந்தை இருக்கும். பூட்டக் கஷ்டமான பெல்ட்டை பத்து நாளில் யாருமே போடமாட்டார்கள். பெல்ட் நாற்காலியின் சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். மெத்தை உறையோடு மட்டும் தைத்திருந்தால் உறையைத் துவைக்கக் கழற்றும்போதே பெல்ட்டும் போய்விடும்.

பெயர்பெற்ற கம்பெனிதானே, இதையெல்லாம் பார்க்க வேண்டுமா என்று தோன்றும். 2012 ஜனவரியில் ஐகியா தன் ‘அன்டிலோப்’ நாற்காலிகளில் 2006 முதல் 2009 வரை தயாரானவற்றின் பெல்ட்டை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பக்கிள் தானாகத் திறந்துகொள்வதாகப் புகார்கள் வந்திருந்தன. 2010 மார்ச்சில் அமெரிக்காவில் கிராக்கோ நிறுவனத்தின் ‘ஹார்மனி’ நாற்காலிகள் சுமார் 12 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. கால்களின் திருகாணி தளர்ந்து கழன்றதும் பிளாஸ்டிக் தாங்கி விரிசல் விட்டதும் காரணம். அதே ஆண்டு ஃபிஷர்-பிரைஸின் லட்சக்கணக்கான நாற்காலிகளுக்கு வேறொரு சிக்கல். கழற்றிய ட்ரேயை மாட்டி வைக்கப் பின்கால்களில் இரண்டு முளைகள் வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்த குழந்தைக்கு அவற்றால் ஒன்றுமில்லை. தரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் அவற்றின் மேல் விழுந்து கிழித்துக்கொண்டன. வடிவமைத்தவர் கண்ணுக்கு அது வசதியாகத் தெரிந்திருக்கிறது. அதனால் நாற்காலியை வெளிப்பக்கமும் தடவிப் பாருங்கள்: நீட்டிக்கொண்டிருக்கும் முளை, கூரான விளிம்பு, மடக்கும் இடத்தில் பிஞ்சு விரல் மாட்டும் சந்து.

அடுத்தது நிலை. நான்கு கால்களும் இருக்கையைவிட அகலமாக விரிந்து நிற்க வேண்டும். இருக்கையின் மேல்விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டிலும் பின்னாலும் அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சக்கரம் வேண்டாம் என்பது என் கருத்து. இருந்தால் எல்லாவற்றுக்கும் பூட்டு வேண்டும். மடக்கும் வகையில், விரித்தபின் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும் பூட்டு வேண்டும், குழந்தை உதைத்தால் திறக்கக்கூடாது. வாங்கி வந்தபிறகு வாரம் ஒருமுறை எல்லாத் திருகாணிகளையும் முறுக்கிவிடுங்கள்.

கால் வைக்கும் பலகையைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தையின் இடுப்பு நிலைகொள்ளாது, முன்னால் சரியும், கவனமெல்லாம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும். நார்வேக்காரர் பீட்டர் ஒப்ஸ்விக் 1972-இல் வடிவமைத்த ‘ட்ரிப் ட்ராப்’ நாற்காலி இன்றைக்கும் பேசப்படுவதற்குக் காரணம், குழந்தை வளர வளர இருக்கையையும் கால் பலகையையும் ஏற்றி இறக்கலாம் என்ற இந்த ஒன்றுதான். அது விலை கூடுதல்; ஏற்றி இறக்கும் பலகை உள்ள எதுவும் போதும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும். சாய்த்து வைத்து ஊட்டினால் புரை ஏறும். தலை நின்று, கொஞ்சம் பிடிமானத்தோடு உட்காரத் தொடங்கிய பிறகுதான் இந்த நாற்காலியே. நான்கு மாதக் குழந்தையைச் சாய்த்து உட்கார வைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டில் பாதி நாள் ஈரம். தடித்த ஸ்பாஞ்ச் மெத்தை வைத்த நாற்காலி ஜூலைக்குள் பூஞ்சை பிடித்து நாறும். தையலிடுக்கில் போன கஞ்சியைத் தேடி எறும்பு வரும். ஒரே வார்ப்பான பிளாஸ்டிக் இருக்கை, கழற்றி நேரே குழாயடியில் கழுவும் ட்ரே, துவைத்து உலர்த்தக்கூடிய பெல்ட் இவை போதும். ஊஞ்சல், வாக்கர், பூஸ்டர் என்று உருமாறும் வகைகளில் கழற்றி மாட்டும் இணைப்பு அதிகம்; இணைப்பு அதிகமானால் தளர்வதும் அதிகம். அதிலும் வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004 ஏப்ரலிலேயே வாக்கர் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையோடு ஒட்டிப் போடாதீர்கள். குழந்தை மேஜையைக் காலால் உந்தினால் நாற்காலியோடு பின்னால் சாயும். சுவர், அடுப்பு மேடை, ஜன்னல் திரைக்கயிறு எல்லாம் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். பெல்ட் போட்டிருந்தாலும் குழந்தையை விட்டுவிட்டுப் போய் வாசற்கதவைத் திறக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடென்றால் உயர நாற்காலியே அவசியமில்லை, பெல்ட் உள்ள தாழ்வான இருக்கை போதும். அதிலிருந்து விழுந்தாலும் ஒரு சாண் உயரம்தான்.

அண்ணன் வீட்டுப் பழைய நாற்காலி, ஆன்லைனில் கைமாறி வருவது, ஆசாரி செய்து கொடுக்கும் ஆஞ்சிலி நாற்காலி, இவையெல்லாம் உண்டு. மரம் நல்லதுதான். ஆனால் ஆசாரியிடம் காலிடைப் பட்டையும் கால் விரிவும் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள், மூலைகளை உருட்டச் சொல்லுங்கள். பழையதில் பெல்ட் தொலைந்திருந்தால் துணியால் கட்டிச் சமாளிக்க வேண்டாம்.

விழுந்துவிட்டால்? அழுதுவிட்டு வழக்கம்போல விளையாடினாலும் ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, உச்சிக்குழி புடைப்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வருவது, ஒரு கணமாவது நினைவு தப்பியது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. 108-ஐ அழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், எஸ்.ஏ.டி. குழந்தைகள் மருத்துவமனையும் அதே வளாகம்தான். சந்தேகம் கேட்க, கேரள அரசின் திஷா எண் 1056 இரவு பகலாக இயங்குகிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலையில் அடிபட்டால், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி உரிமை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பணம் கொடுத்து வாங்கியவர் மட்டும்தான் நுகர்வோர் என்று அது சொல்லவில்லை. அவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே. தாத்தா வாங்கிக் கொடுத்த நாற்காலியில் உட்காரும் எட்டு மாதப் பேத்தி சட்டப்படி ஒரு நுகர்வோர். அவளுக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ புகார் கொடுக்கலாம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

பொருளால் உடம்புக்கு ஊறு நேர்ந்தால் இழப்பீடு கேட்க அதில் தனி அத்தியாயம் உண்டு, 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான உபயோகக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமை, எதுவானாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. கடைக்காரர் எல்லா நேரமும் தப்ப முடியாது: தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும், கடையில் பொருத்திக் கொடுத்ததில் கவனக்குறைவு இருந்தாலும், எச்சரிக்கைச் சீட்டை உங்களிடம் சேர்க்காவிட்டாலும் பொறுப்பு அவர் மேல் வரும். நம் பக்கமும் ஒரு கண்டிப்பு உண்டு. பொருளை மாற்றியமைத்திருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் அதைச் சொல்லித் தப்பலாம். ஆகவே துளையிடாதீர்கள், வேறு பெல்ட்டை மாட்டாதீர்கள்.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, குறை சொல்லத் தொலைபேசி எண், இறக்குமதி என்றால் எந்த நாடு என்பது, எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள், நாளை யாரிடம் கேட்பது? 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது பொம்மைக்கான விதி. ட்ரேயில் தொங்கும் கிலுகிலுப்பைக்கு இருக்கும் முத்திரை நாற்காலியின் உறுதிக்குச் சான்றாகாது. நாற்காலிக்கு ஐரோப்பியத் தரம் இ.என். 14988, அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப்404. பெட்டியில் இவை இருந்தால் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம்.

பில் வாங்குங்கள். பில் தர மறுப்பது, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது, இரண்டும் முறையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகப் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

விபத்து நடந்தால் நாற்காலியைக் கோபத்தில் தூக்கி எறியாதீர்கள். கழன்ற திருகாணி, அறுந்த பட்டை எல்லாவற்றையும் அப்படியே படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பில், பெட்டி, மருத்துவச் சீட்டு சேரட்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வழுதக்காடு சிசுவிஹார் லேனில். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலும் பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 45 நாளில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு. அதுவும் அதே சிசுவிஹார் லேன்தான்.

இழப்பீடு வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். 17-ஆம் பிரிவின்படி, ஆபத்தான பொருள் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ அனுப்பலாம். நம் ஆட்சியர் அலுவலகம் குடப்பனக்குன்னு சிவில் ஸ்டேஷனில் இருக்கிறது. விசாரணையில் உறுதியானால், அந்த மாடல் முழுவதையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 20-ஆம் பிரிவின் கீழ் மத்திய ஆணையம் உத்தரவிடலாம். கடிதத்தில் மாடல் பெயர், தயாரிப்பு மாதம், பேட்ச் எண், என்ன உடைந்தது என்பதற்கான படம் இந்த நான்கும் இருக்கட்டும்.